இரண்டாள் அலை, வாடைக்காற்று

கோரைத்தீவில் கடல் ஆளுக்கு ஆள் வேறு. போய்ச் சேர வேண்டிய கரையில் ஒருவருக்காக எவ்வளவு ஆவலாகக் காத்திருக்கிறார்களோ, அவருடைய கடலில் அவ்வளவு உயரத்துக்கு அலை எழும். யாரும் காத்திருக்காதவருக்குக் கடல் தோசைக்கல் மாதிரி கிடக்கும். ரேஷன் கடையைச் சோதனை போட வருகிற அதிகாரி எந்தப் பருவத்திலும் சட்டை கசங்காமல் வந்து இறங்குவது அதனால்தான். புது மாப்பிள்ளைகள் பாடுதான் திண்டாட்டம். குடலைக் கக்காமல் கரையேறிய மாப்பிள்ளையைத் தீவு இன்னும் பார்க்கவில்லை.

இப்படி ஆளுக்கொரு கடல் இருந்தால் அதை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலையைத் தொம்மை பார்த்துவந்தார். விடிந்ததும் அக்கரைக்குப் போகிறவர்கள் துறையில் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிற்பார்கள். தொம்மை ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, குனிந்து, இரண்டு விரலைத் தண்ணீரில் விடுவார். விரல் வழியாக அந்த ஆளுடைய கடல் அவருக்குத் தெரியும். அலை எவ்வளவு உயரம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி எவ்வளவு, காற்று எங்கிருந்து. உயரம் காத்திருப்பின் கனத்தைச் சொல்லும். இடைவெளி, காத்திருப்பவர் எத்தனை தடவை வாசலை எட்டிப் பார்க்கிறார் என்பதைச் சொல்லும். காற்று காரணத்தைச் சொல்லும். கொண்டல் அடித்தால் பாசம். கச்சான் அடித்தால் கோபம். வாடை அடித்தால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை.

வாசித்ததைத் துறைக் கம்பத்தில் கட்டியிருக்கும் மைக்கில் சொல்வார். "ஸ்டெல்லா. முழங்கால். கொண்டல். போகலாம்." "பர்னாந்து மகன் வியாகுலம். கழுத்து. கச்சான். போகக் கூடாது." வியாகுலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீரிலிருந்து ஏறிப் போவான். அவனை அக்கரையில் கழுத்தளவு கோபத்தோடு எதிர்பார்ப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை. அது நாகரிகமில்லை.

படகு விஷயத்தில் சட்டம் கறாரானது. ஒரு படகில் எத்தனை பேர் ஏறுகிறார்களோ அத்தனை கடல் அதன் அடியில் இருக்கும். அதில் எது பெரியதோ அதுதான் படகைத் தூக்கும். ஊரே தட்டைக் கடலோடு உட்கார்ந்திருந்தாலும் ஓராள் உயரத்து அலைக்காரர் ஒருவர் ஏறினால் எல்லோருக்கும் ஓராள் அலைதான். ஆகவே இடுப்புக்கு மேல் அலை இருப்பதாகத் தொம்மை சொன்ன ஆளைப் படகோட்டி லியோன் ஏற்றுவதில்லை. லியோன் கெட்டவனில்லை. அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் உத்தேசித்துத் தீவுக்காரர்கள் சில பழக்கங்களை வைத்திருந்தார்கள். மற்ற ஊர்களில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் "போயிட்டு வாறேன்" என்பார். கோரைத்தீவில் "போறேன்" என்பார். வீட்டிலிருப்பவர் "போங்க, வர வேண்டாம்" என்று வழியனுப்புவார். எவ்வளவு பிரியமோ அவ்வளவு அழுத்திச் சொல்வார்கள். புருஷன் கடலுக்குப் போனதும் மனைவி அவன் சாப்பிடுகிற தட்டைக் கவிழ்த்து வைப்பாள். அவனுக்கென்று அரிசி போட மாட்டாள். கரையில் போய் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. அப்படி நின்ற ஒருத்தியால் ஒரு குடும்பமே முழுகியதாகப் பேச்சு உண்டு.

ஆனால் தீவில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. பிள்ளைகளை அக்கரைக்குத்தான் அனுப்ப வேண்டும். தொம்மையின் மகள் ஜெனிட்டாவும் அப்படித்தான் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிக்குப் போனாள். அங்கே கணக்கும் இங்கிலீசும் தையலும் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருக்கவும் கற்றுக்கொண்டாள். பெற்றவர்கள் பார்க்க வருகிற நாள் அது. ஒவ்வொரு ஞாயிறும் தொம்மைக்குக் கடல் கழுத்துக்கு ஏறும். அவர் செவ்வாய், புதன் என்று அவள் நினைக்காத நாளாகப் பார்த்துப் போய் முறுக்கும் சோப்பும் கொடுத்துவிட்டு வந்தார். அவள் கல்யாணத்துக்கும் தேதி குறிக்கும் முன்பே போய் அக்கரையில் தங்கிக்கொண்டார். ஆளுக்கு மூளை வேலை செய்யாமல் இல்லை.

அவர் மூளை வேலை செய்யாமல் போனது ஒரே ஒரு தடவை. கல்யாணம் முடிந்து தீவுக்குக் கிளம்பும்போது ஜெனிட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தாய் இல்லை. தாய் இசபெல், ஜெனிட்டா விடுதியில் இருந்த காலத்தில், அக்கரை ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனாள். அவள் கிடந்த நாளெல்லாம் தொம்மையின் கடல் இரண்டாள் உயரத்துக்கு நின்றது. அவர் கரையில் நின்றார். ஒரு நாள் காலை கடல் தட்டையாகிவிட்டது. அவர் ஒரு துளி நனையாமல் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, போறேன் என்று சொல்ல வேண்டிய வாய், "உனக்குப் பிள்ளை பொறக்கறப்ப அப்பா பக்கத்துல இருப்பேன்டா" என்று சொல்லிவிட்டது. ஊர்க் கடலையெல்லாம் வாசிக்கிற மனிதர் சொன்ன வார்த்தை அது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்த கதைதான்.

மறுநாள் காலையிலேயே அவருக்குக் கடல் கணுக்காலுக்கு வந்தது. அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவருக்கு அலை அடிக்கிறது என்றால் சும்மாவா? பிறகு ஜெனிட்டா உண்டாகியிருக்கிற செய்தி வந்தது. அலை முழங்காலுக்கு ஏறியது. வளைகாப்புக்கு இடுப்பு. அப்போதே போய்த் தங்கியிருக்கலாம். மீன்பாடு நன்றாக இருந்த சமயம், நாளுக்கு நாள் ஆட்கள் போக வர இருந்தார்கள், துறையை விட்டு நகர முடியவில்லை. கொஞ்சம் தணியட்டும் என்று இருந்தார். அலை ஓய்ந்து தலை முழுகலாம் என்று இருந்தவன் எவன் முழுகியிருக்கிறான்? ஐப்பசி பிறந்தபோது கழுத்து. மாதம் ஏற ஏற ஓராள். மாப்பிள்ளை கப்பலில் வேலை, எந்தச் சமுத்திரத்தில் இருக்கிறானோ. மாமியார் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவள். ஜெனிட்டாவுக்குக் காத்திருக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

பிறகு ஒரு காலை கொண்டல் நின்று வாடை அடித்தது.

தொம்மை தன்னையும் வரிசையில் நிறுத்தித்தான் வாசிப்பார். கடைசி ஆளாக நின்று, தன் காலடித் தண்ணீரில் தானே விரலை விட்டுப் பார்த்து, மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில் சொல்வார். அன்றைக்கும் சொன்னார்.

"தொம்மை. ரெண்டாள். எடவெளி இல்ல. வாடை. போகக் கூடாது."

இடைவெளி இல்லை என்றால் அவள் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை என்று அர்த்தம். வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். லியோன் மட்டும் இஞ்சினைக் கிளப்பும் முன் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, ஆஸ்பத்திரில சேத்துட்டாகளா?"

"சேத்திருப்பாக. காத்து சொல்லுதே."

"நான் வேணா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

"நீ வாறேன்னு அவளுக்குத் தெரியாதுல்ல. நீ போ."

படகு தண்ணீரில் கோடு கிழித்த மாதிரி போயிற்று. தொம்மையின் கண்ணுக்கு அது இரண்டாள் அலையின் அடிவயிற்றுக்குள் புகுந்து மறைந்தது. அவர் பார்த்துப் பழகிய காட்சிதான்.

பகலில் ஜெனிட்டாவே போனில் பேசினாள்.

"அப்பா, பிரஷர் ரொம்பக் கூடிட்டாம். கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாங்க."

"பண்ணிக்கிடு தாயி."

"நீங்க வரட்டும்னு சொல்லிட்டேன். நீங்க வந்து நின்னாத்தான் உள்ள போவேன். பேப்பர்ல கையெழுத்துப் போடல."

"அதுக்குள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"அதான் வந்திருவீங்கள்ல."

வந்திருவேன் என்று சொன்னால் அலை இன்னும் ஏறும். வரமாட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "கடல் பாக்கணும்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். ஆக நிலைமை இதுதான். அவள் காத்திருப்பதால் அவரால் போக முடியாது. அவர் போகாததால் அவள் காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் பிரஷர் ஏறிக்கொண்டிருக்கிறது, அவர் கடலும் ஏறிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று தனியாகவே போய்ப் பார்க்கத் தீர்மானித்தார்.

ஒரு சின்ன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். உச்சி வெயில். மற்றவர்களுக்குக் கடல் அசையாமல் கிடந்தது. நாலைந்து வள்ளங்கள் கரைக்குப் பக்கத்திலேயே வலை போட்டிருந்தன. தொம்மையின் வள்ளம் அவற்றுக்கு நடுவே செங்குத்தாக எழுந்தது, தலைகுப்புற விழுந்தது, மறுபடி எழுந்தது. பீடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் வள்ளங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிட்டார்கள். "மாமா, இந்தப் பக்கம் விழாதிய, வலை கெடக்கு" என்று ஒருவன் பணிவாகச் சொன்னான். தொம்மை அந்தப் பக்கமாக விழுந்தார். அலை அவரைத் தூக்கிக்கொண்டு வந்து துறையில், கம்பத்துக்கு அடியில், மைக்குக்கு நேராகப் போட்டது. வள்ளம் இரண்டாகப் பிளந்து தனித்தனியாக வந்து சேர்ந்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அறுபதைத் தாண்டிய மனிதர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் மைக்கில் போய்விடாமல் அழுதார்.

கார்மேலி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். காத்திருக்காமல் இருப்பதில் தீவில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் புருஷன் சூசை இருபது வருஷமாகக் கடலுக்குப் போகிறான். அவனுக்கு ஒரு நாள்கூடக் கரை திரும்பும்போது அலை கணுக்காலைத் தாண்டியதில்லை. சாயங்காலம் அவன் வந்து வாசலில் நிற்பான். கார்மேலி நிமிர்ந்து பார்த்து "யாரு?" என்பாள். அவன் பெயரைச் சொல்வான், தகப்பன் பெயரைச் சொல்வான். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டை நிமிர்த்துவாள். அவன் அதில் குறை சொன்னதில்லை.

"அண்ணே, பிள்ளைக்குக் காத்துக் கெடக்க மட்டும்தான் தெரியும்" என்றாள் கார்மேலி. "நிப்பாட்டத் தெரியாது. நீங்கதான் நிப்பாட்டணும்."

"எப்பிடி?"

"வரலன்னு சொல்லணும்."

"சொன்னா நம்ப மாட்டாளே. கடல் சரியில்லன்னு நெனைச்சுக்கிட்டு, சரியானதும் வருவாருன்னு இருப்பா."

"அப்ப கடல் நல்லாருக்குன்னு சொல்லுங்க."

தொம்மை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கார்மேலி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லுதேன் அண்ணே. நம்ம பொம்பளைக எவ்வளவு நிப்பாட்டணும், எவ்வளவு மிச்சம் வைக்கணும்னு கைப்பழக்கமா தெரிஞ்சவளுக. கொழம்புக்கு உப்பு போடுத மாதிரி. நான் ஒரு சிட்டிகை மிச்சம் வைப்பேன். அதுலதான் அந்த மனுசன் இன்னும் வீட்டுக்குள்ள வாறாரு. அக்கரையில வளந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு தெரியாது. நிப்பாட்டினா மொத்தமா நிப்பாட்டிருவாளுக."

"உயிரோட இருந்தாப் போதும்" என்றார் தொம்மை.

அவர் போனை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பேசிக்கொண்டே வாசிக்க வேண்டும். வாசிக்காமல் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று தெரியாது. ஒரு கையில் போன், இன்னொரு கையின் இரண்டு விரல் தண்ணீரில். முன்னால் இரண்டாள் அலை சுவர் மாதிரி நின்றது.

"அப்பா, கெளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. நான் வரல."

"கடல் இன்னும் எறங்கலையாப்பா?"

கார்மேலி கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கடல் நல்லாத்தான் இருக்கு. லியோன் காலையில போயிட்டு வந்துட்டான். எனக்குத்தான் வர மனசில்ல."

அலை ஓராளுக்கு இறங்கியது. மறுமுனையில் வார்டில் யாரோ பாத்திரத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"உடம்புக்கு முடியலையாப்பா?"

"உடம்பு கல்லு மாதிரி இருக்கு. உங்கிட்ட வந்து ஆஸ்பத்திரித் தரையில உக்காந்து முழிச்சிக்கிட்டு இருக்க என்னால ஏலாது. எனக்கு இங்க சோலி கெடக்கு."

கழுத்து. தொம்மை விரலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. நல்ல வேலைக்காரர். கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டியது, குரலில் அது ஏறாமல் பார்த்துக்கொண்டார்.

"பக்கத்துல இருப்பேன்னு சொன்னீங்களேப்பா."

"கல்யாண வீட்டுல ஆயிரம் சொல்லுவோம். அதெல்லாம் ஒரு பேச்சா."

இடுப்பு. அதோடு நின்றுவிட்டது. அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். உன்னை நினைக்க நேரமில்லை என்றார். இனிமேல் போன் பண்ணாதே என்றார். அலை இடுப்பைவிட்டு அசையவில்லை. இடைவெளி நீண்டது, காற்று வாடையிலிருந்து கொஞ்சம் கச்சானுக்குத் திரும்பி மறுபடி வாடைக்கே போயிற்று. இடுப்பளவுக்கு லியோன் ஏற்றிக்கொள்வான். ஆனால் இடுப்பளவு காத்திருக்கிறவள் கையெழுத்துப் போட மாட்டாள். தொம்மைக்கு அது விரலில் தெரிந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று இன்னும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என்ன என்றும் அவருக்குத் தெரியும். அம்மாவிடம் அப்பாவை வரவிடாமல் கடல்தான் தடுத்தது என்று அவள் சின்ன வயதிலிருந்தே நம்பியிருந்தாள். அப்பா கெட்டவரில்லை, கடல்தான் கெட்டது. அதுதான் அந்த இடுப்பளவு.

"ஒங்கம்மா கெடந்தப்பயும் நான் வரல" என்றார்.

"அப்ப கடல்..."

"அன்னைக்கும் கடல் நல்லாத்தான் இருந்துச்சு."

அலை படுத்துவிட்டது. விரலைச் சுற்றித் தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது. தூரத்தில் அக்கரையின் வெளிச்சவீடு தெரிந்தது. இத்தனை மாதமாக அது அவர் கண்ணில் பட்டதில்லை.

"சரிங்க" என்றாள் ஜெனிட்டா. சரிப்பா என்று சொல்லவில்லை. போன் நின்றது.

தொம்மை தண்ணீரிலேயே நின்றார். கடல் தட்டையாவதற்கு இரண்டு காரணம் உண்டு. காத்திருப்பவர் காத்திருப்பை விட்டிருக்கலாம், அல்லது உயிரை விட்டிருக்கலாம். இரண்டுக்கும் வாசிப்பு ஒன்றுதான். விரலுக்கு வித்தியாசம் தெரியாது. இசபெல் இறந்த அன்று காலையில் தண்ணீர் இருந்த மாதிரியேதான் இப்போதும் இருந்தது. அவர் கரையேறி மைக்குக்குப் போய், கேட்க யாரும் இல்லாவிட்டாலும் முறைப்படி சொன்னார்.

"தொம்மை. அலை இல்ல. காத்து இல்ல. போகலாம்."

லியோன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிக்கொண்டு வந்தான். அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கார்மேலி இடுப்பில் கூடையோடு நின்று, "போங்கண்ணே, வர வேண்டாம்" என்றாள், நன்றாக அழுத்தி.

படகு அசையவே இல்லை. தொம்மை ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தார், பிடிப்பதற்கு அவசியமே இல்லை. இரண்டாள் அலை படுத்துப்போன கடலில் அவர் வாழ்நாளில் இரண்டாம் தடவையாகப் போகிறார். முதல் தடவை பெண்டாட்டியை அடக்கம் பண்ணப் போனார். கடவுளே, அவள் என்னை வெறுத்திருக்கட்டும் என்று ஜெபித்தார். அவளுக்கு என் முகமே மறந்திருக்கட்டும். வேறு எதையும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

கரையிலிருந்து பஸ் பிடித்து அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிரசவ வார்டு மாடியில் இருந்தது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸ் தலைநிமிராமல் கேட்டாள்.

"யாரப் பாக்கணும்?"

"ஜெனிட்டா. பிரஷர்னு சேத்திருந்தாக."

"ஆபரேஷன் ஆயிருச்சே. பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. அதுவரைக்கும் யாரோ வரணும் வரணும்னு ஒரே அடமா இருந்தவ, திடீர்னு பேப்பரக் குடுங்கன்னு வாங்கிக் கையெழுத்துப் போட்டுட்டா. நீங்க யாரு?"

"அப்பா."

நர்ஸ் எழுந்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னலோரக் கட்டிலில் ஜெனிட்டா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. பக்கத்துத் தொட்டிலில் துணிச்சுருள் ஒன்று.

"ஜெனிட்டா, அப்பா வந்திருக்காங்க பாரு" என்றாள் நர்ஸ்.

ஜெனிட்டா அவரைப் பார்த்தாள். அவசரமில்லாமல், மரியாதையாக, தலை முதல் கால் வரை பார்த்தாள். தொம்மை பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சொன்னார். அவள் யோசித்துப் பார்ப்பது தெரிந்தது. அவளிடம் மனத்தாங்கல் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

"இல்ல சிஸ்டர்" என்றாள். "எனக்கு வர்றதுக்கு யாரும் இல்ல. பெரியவர் வார்டு மாறி வந்திருப்பாரு. பாவம், உக்காரச் சொல்லுங்க, ரொம்ப தூரம் வந்த மாதிரி இருக்காரு."

எதிர்க் கட்டில்காரியைப் பார்க்க அன்றைக்கு ஆள் வரவில்லை. அவளுக்கான ஸ்டூல் சும்மாதான் கிடந்தது. நர்ஸ் அதை இழுத்துப் போட்டாள். தொம்மை உட்கார்ந்தார். மகள் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் ஆறேழு அடி சிமென்ட் தரைதான். கடல் முழுவதையும் தாண்டி வந்தவருக்கு அந்த ஆறேழு அடியை என்ன செய்வது என்று தெரியவில்லை. உயிரோடு இருக்கிறாள். அதைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். கேட்டது கிடைத்துவிட்டது, குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் அவருக்கு அந்த ஸ்டூலிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

ஜெனிட்டா ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். நர்ஸ் வாங்கி அவரிடம் கொடுத்தாள்.

"எந்த ஊரு பெரியவரே?"

"கோரைத்தீவு."

"அங்க கடல் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா" என்றார் தொம்மை.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிஸ்கட் அவர் கையிலேயே இருந்தது. எதிர்க் கட்டில்காரி குறட்டை விட்டாள். கொஞ்ச நேரத்தில் தொட்டிலில் துணி அசைந்தது. பிள்ளை முகத்தைத் திருப்பியது. பிறந்த பிள்ளைக்குக் கண் தெரியாது என்பார்கள். இது கண்ணைத் திறந்து, ஸ்டூல் இருக்கும் பக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தது. இசபெல்லின் புருவம். தொம்மை தன்னையறியாமல் எழுந்தார்.

ஓரடி எடுத்து வைத்ததும் பாதத்தில் ஈரம் பட்டது. கீழே பார்த்தார். தொட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் தண்ணீர் வந்திருந்தது. நர்ஸ் கட்டிலடியில் கிடந்த செருப்புகளை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தாள், பிள்ளைத் துணி மூட்டையை மேலே தூக்கி வைத்தாள், மறுபடி தெர்மாமீட்டரை உதறினாள். தொம்மை இன்னும் ஓரடி வைத்தார். பிள்ளை கையைத் துணிக்குள்ளிருந்து வெளியே எடுத்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்து அவர் வேட்டியை நனைத்தது.

"பாத்துங்க, மெத்தை நனஞ்சிரும்" என்றாள் நர்ஸ்.

தொம்மை நின்றார். குனிந்து இரண்டு விரலைத் தண்ணீரில் விட்டார். அடுத்த அலை வரும்வரை விரலை அசைக்கவில்லை. அது சீக்கிரமே இடுப்பு உயரத்துக்கு வந்தது, கட்டில் கால்களில் மோதித் திரும்பியது.

"இடுப்பு" என்றார். "ஏறுது. போகக் கூடாது."

நர்ஸ் கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, பிள்ளையின் எடைக்குக் கீழே எழுதிக்கொண்டு, பேனாவை வைத்தபடி கேட்டாள்.

"காத்து?"

"கொண்டல்" என்றார் தொம்மை.